திண்டுக்கல் தவழ்வெளி: ஒழுகலியலில் ஓர் ஆய்வு

அமெரிக்காவில் பல வீடுகளுக்குத் தரைக்கு அடியில் இரண்டு மூன்றடி உயரத்துக்கு ஓர் இடைவெளி உண்டு. மரத்தரை மண்ணில் பட்டால் உளுத்துவிடும் என்று வீட்டைத் தூக்கிக் கட்டியதில் மிஞ்சிய இடம். உள்ளே ஆள் தவழ்ந்துதான் போகலாம்; அதனால் அது தவழ்வெளி. விடுமுறை நாளில் வீட்டுக்காரர் கையில் விளக்கோடு நுழைந்து, மண்மேல் கனத்த பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரங்களை ஒட்டி, ஈரம் மேலேறாமல் தடுப்பார். ஈரம் புகுவதையும் ஒழுகுவதையும் ஆராயும் ஒழுகலியல் என்ற இத்துறையில் திண்டுக்கல்லின் பங்கு என்ன என்பதே இவ்வாய்வின் கேள்வி.

மேம்போக்காகப் பார்த்தால் ஒன்றுமில்லை. நாகல் நகரானாலும் பேகம்பூரானாலும் வீடு கருங்கல் அஸ்திவாரத்தில், கிராவல் கொட்டி இறுக்கிய பேஸ்மட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அடியில் எலி தவழலாம். குடும்பத் தலைவரால் முடியாது.

பிழை எங்கே என்றால், முன்னைய ஆய்வாளர்கள் குனிந்து தேடியதில். அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும். திண்டுக்கல்லின் தவழ்வெளி மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருக்கிறது. நாலு செங்கல் கால், மேலே ஒரு கடப்பாக்கல், அதன்மேல் எந்தக் கம்பெனி செய்திருந்தாலும் ‘சின்டெக்ஸ்’ என்றே அழைக்கப்படும் கறுப்புத் தொட்டி. இடையே ஓர் அடி, மிஞ்சினால் ஒன்றரை. வேப்பஞ்சருகு, பாசி, காணாமற்போன ரப்பர் பந்து ஆகியவை இங்கே நிரந்தரக் குடியினர்.

தொட்டி ஏன் மேலே போயிற்று? ஊரில் தண்ணீர் இல்லாததால். ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்துத் தண்ணீருக்குக் குடங்களை வரிசையில் வைத்துப் பழகிய ஊர் இது. குழாயில் வரும் நாளில் பிடித்துச் சம்ப்பில் நிரப்பி, மோட்டார் போட்டு மேலேற்றி வைத்தால்தான் மறுமுறை வரைக்கும் பிழைப்பு. ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். அத்தனையும் நாலு செங்கல் காலில் இறங்கினால் கீழே தளத்தில் பதித்த தட்டோடு விரிசல் விடும். மோட்டாரை நிறுத்த மறந்த நாட்களில் வழிந்தது அந்த விரிசலில் புகும். ஆக, திண்டுக்கல் கூரை ஒழுகுவதற்கு மழையைவிடத் தண்ணீர்ப் பஞ்சமே பெரிய காரணம் என்று இவ்வாய்வு துணிகிறது.

புகுந்த தண்ணீர் நேரே கீழே இறங்காது என்பது ஒழுகலியலின் முதல் விதி. கான்கிரீட்டுக்குள் ஒயர் போகும் குழாயைப் பிடித்து ஊர்ந்து, ஹாலில் ஃபேன் கொக்கியில் சொட்டும். வீட்டுக்காரர் ஃபேனுக்கு நேர் மேலே பூசுவார். சொட்டு நிற்காது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுகளைச் செய்யும் ஊரில், திருடன் வரும் வழி தெரிந்த அளவுக்குத் தண்ணீர் வரும் வழி தெரியவில்லை.

பழைய மெட்ராஸ் டெரஸ் காலத்தில் இந்தச் சிக்கல் குறைவு. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் தெளித்து, மரக்கட்டை துள்ளித் திரும்பும் வரை நாட்கணக்கில் தட்டுவார்கள். இன்று தட்டுவதற்கு ஆள் இல்லை. அந்த இடத்தில் மூன்று வாதங்கள் வந்துவிட்டன. சிமெண்டைக் கரைத்து ஊற்றுவது பால்வாதம். ஒரே கோடையில் வெடிக்கும். தார்வாதம் வெயிலில் இளகிக் காலைப் பிடிக்கும். காதணி விழா ஃப்ளெக்ஸை விரித்துச் செங்கல் வைப்பது மூன்றாவது. செலவில்லை, ஆனால் மேலே விழுந்த தண்ணீர் அடியில் புகுந்தால் வெயில்கூட அதைத் தொட முடியாது.

முறையான வைத்தியம் சிக்கலானதல்ல. தொட்டியைக் காலி செய்து இறக்க வேண்டும். விரிசலை ‘வி’ வடிவில் கொத்தி, தூசு தட்டி, நனைத்து, பாலிமர் கலந்த சாந்தை அடைக்க வேண்டும். அதன்மேல் நீர்த்தடுப்புக் கெமிக்கல் ஒரு கோட், ஃபைபர் வலை, காய்ந்தபின் எதிர்த் திசையில் இன்னொரு கோட். நூறடிக்கு ஓரடியாவது வாட்டம் வேண்டும். பிறகு ஓரமாகச் சின்ன வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்கி, ஒருநாள் கழித்துக் கீழே போய்ப் பார்க்க வேண்டும்.

இதற்கு உகந்த காலம் பங்குனி, சித்திரை. அப்போது எதுவும் சொட்டாததால் எவருக்கும் நினைவு வராது. ஐப்பசியில் சொட்டும்போது தளம் ஈரமாக இருப்பதால் எதுவும் ஒட்டாது.

இனி, கள ஆய்வு. ஐப்பசி மாத ஞாயிறு, காலை பத்து மணி. தொட்டியை இறக்கச் சோம்பல்பட்ட ஒருவர் கம்பி பிரஷ்ஷும் கொத்துக்கரண்டியுமாகக் கவிழ்ந்து படுத்து, தோள் வரைக்கும் உள்ளே போயிருக்கிறார். கன்னம் பாசியில் அழுந்தியிருக்கிறது. விரல் ஒரு கோட்டைத் தடவுகிறது. முடி அளவு விரிசல், நேராக ஹால் பக்கம் போகிறது. கண்டுபிடித்துவிட்டார்.

கீழிருந்து குரல்: “ஏங்க, குழாய்ல தண்ணி வந்துருச்சு. மோட்டார் அப்பவே போட்டு விட்டுட்டேன், ரொம்பிருச்சான்னு பாத்துச் சொல்லுங்க.”

தலைக்கு மேலே தொட்டிக்குள் ஓசை மாறுகிறது. பிறகு முதுகில் முதல் சொட்டு.