கடைசி நேர ஸ்டால்காரர்

நந்தம்பாக்கம் வர்த்தக மையத்திலோ கோவை கொடிசியா வளாகத்திலோ கண்காட்சி என்றால், திறப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒருவர் ஸ்டால் போடும் காண்டிராக்டருக்குப் போன் செய்வார். "தம்பி, சின்ன வேலைதான்" என்றுதான் பேச்சு தொடங்கும். சின்ன வேலை என்பது வளைந்த சுவர், அந்தரத்தில் தொங்கும் லோகோ, பின்னாலிருந்து ஒளிரும் எழுத்து, ஓரமாக ஒரு சந்திப்பு அறை. கண்காட்சித் தேதியோ பல மாதங்களுக்கு முன்பே வந்துவிட்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கத்தின் அக்மி இயந்திரக் கண்காட்சி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். இடத்துக்கு முன்பணம் கட்டி, மூலை ஸ்டால்தான் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியவரும் இவரேதான். ஆனாலும் தேதி தம்மேல் திடீரென்று வந்து விழுந்ததாகவே பேசுவார்.

இவருக்குக் கால அவகாசத்தின் அருமை தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். இவரே பம்போ பேக்கிங் மெஷினோ செய்து விற்பவர். இவருடைய கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தில், 'முன்பணமும் ஒப்புதலான வரைபடமும் கைக்கு வந்த நாளிலிருந்து பன்னிரண்டு வாரம்' என்று தடித்த எழுத்தில் இருக்கும். வாங்குகிறவர் பத்து வாரமாகக் குறைக்கச் சொன்னால், வார்ப்பு எப்போது வரும், சோதனை ஓட்டம் எத்தனை நாள் என்று வகுப்பே எடுப்பார். இரும்புக்குக் காலம் உண்டு, பிளைவுட்டுக்குக் கிடையாது என்பது அவர் படித்த பொறியியல். இது அறியாமை அல்ல. தன் தொழில் தொழில், அடுத்தவர் தொழில் வெறும் கைவேலை என்கிற கணக்கு.

அந்தக் கணக்குதான் உதைக்கிறது. 3 மீட்டருக்கு 3 மீட்டர் என்று அமைப்பாளரே அலுமினியச் சட்டத்தில் கட்டித் தரும் ஸ்டால் என்றால் பாதகமில்லை. ஃபிளெக்ஸ் ஒரே நாளில் அச்சாகிவிடும். நம்மவர் கேட்பது வெறுந்தரையில் எழும்பும் தனி ஸ்டால். வரைபடத்துக்கு அமைப்பாளர் சம்மதிக்க வேண்டும், எத்தனை கிலோவாட் மின்சாரம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பட்டறையில் ஃபெவிகால் இறுக ஓர் இரவு. பட்டி பூசி, காயவிட்டு, உப்புத்தாள் போட்டு, மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு, பிரைமர், அதற்கப்புறம்தான் பெயின்ட். அரங்கம் கைக்கு வருவது பெரும்பாலும் திறப்புக்கு ஓரிரு நாள் முன்புதான். செய்துவைத்ததைக் கொண்டுபோய் அங்கே பூட்டத்தான் முடியும். "ஆளைக் கூடப் போடுங்க" என்பார். நாலு ஆசாரிகள் சுற்றி நின்று ஊதினாலும் பட்டி தன் நேரத்துக்குத்தான் காயும். இதைவிட அதிக நாள் கரைவது அவருடைய ஆபீஸிலேயே. 3டி படம் போனதும் மேனேஜர் நீலம் என்பார், எம்.டி.யின் மகன் கறுப்பு என்பார், எம்.டி. லோகோவை இன்னும் கொஞ்சம் பெரிசாக்கச் சொல்வார். மூன்று நாள் நிற்கப்போகும் ஸ்டாலுக்கு வாஸ்து பார்ப்பவரும் உண்டு. எல்லாம் முடிந்த நிமிடத்திலிருந்து தாமதம் முழுவதும் காண்டிராக்டர் பேரில் ஏறும்.

"போன தடவை ராத்திரியோட ராத்திரியா முடிச்சாங்களே" என்பது அவருடைய பிரம்மாஸ்திரம். முடிப்பார்கள்தான். ஈரப் பட்டிமேல் அடித்த பெயின்ட் இரண்டாம் நாளே வெடிக்கும், அவசரத்தில் ஒட்டிய மைக்கா ஓரத்தில் உப்பும். மறைக்கப் பூந்தொட்டிகள் வரும். பார்வையாளர்கள் செடிகளைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். அவருடைய இன்னொரு வாதம் நியாயமானது: காட்டப்போகும் புது மாடலே கடைசி வாரத்தில்தான் முழுமையாகிறது, என்ன செய்ய? சுவர், மேடை, கவுன்ட்டரை முதலில் முடிவுசெய்து, படமும் வாசகமும் வரும் பரப்பை மட்டும் காலியாக விட்டால் போதும். வினைல் அச்சு கடைசி இரண்டு நாளில்கூட வந்துவிடும். மெஷினின் எடையையும் அளவையும் மட்டும் முன்பே சொல்ல வேண்டும், மேடை தாங்க வேண்டுமே!

ஆகையால் ஐயா, இடத்துக்குப் பணம் கட்டுகிற அன்றைக்கே ஸ்டால் போடுகிறவரையும் கூப்பிட்டுவிடுங்கள். டிசைனுக்குச் சரி சொல்லும் ஆள் ஒருவர்தான் என்று வீட்டிலும் ஆபீஸிலும் பேசி வையுங்கள். லோகோவை வெக்டர் ஃபைலாக அனுப்புங்கள். விசிட்டிங் கார்டை மொபைலில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் பத்தடிச் சுவரில் அது வெறும் கலங்கலாகத்தான் தெரியும்.