நாலரையில் சேராத பாதி

சோமாலியாவில் நாடாளுமன்ற இடங்களைக் குலங்களுக்குப் பங்கிடும் அதிகாரக் கணக்கு 4.5. தாரோத், ஹவியே, திர், ரஹன்வெய்ன் என்ற நாலு பெருங்குலங்களுக்கு ஆளுக்கொரு பங்கு. மிச்சமுள்ள சிறுபான்மையினர் எல்லோருக்குமாகச் சேர்த்து அரைப் பங்கு. ஜனங்களை அரையாகக்கூட எண்ணத் தெரிந்த இந்த மேதைகளுக்கு, நாட்டில் பாதியாக இருக்கும் பெண்களை மட்டும் எண்ண வரவில்லை.

ஏன் என்று கேட்டால் மரத்தடியில் சபை கூட்டும் பெரியவர்கள் பொறுமையாக விளக்குவார்கள். பெண்ணுக்குப் பிறந்த குலம் ஒன்று, புகுந்த குலம் ஒன்று. அவளை நம்பி எப்படி இடத்தைக் கொடுப்பது? நியாயமான கவலைதான்! ஆனால் இரு குலங்கள் வெட்டிக்கொண்டு சாகும்போது, பகை தீர்க்க எதிர்க்குலத்துக்குப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் வழக்கத்தைக் காத்து வந்தவர்களும் இவர்களேதான். ரத்தக் கறை கழுவ இரண்டு குலத்துக்காரி வேண்டும். நாற்காலியில் உட்கார அதுவே குற்றம். செத்தால் மட்டும் கணக்கு சுத்தம்: மரபுப்படி ஆண் உயிருக்கு ஈடு 100 ஒட்டகம், பெண் உயிருக்கு 50. அங்கேயாவது அரைப் பங்கு கிடைக்கிறதே, மகராசிகளே, சந்தோஷப்படுங்கள்.

2000இல் ஜிபூத்தியின் ஆர்த்தாவில் நடந்த சோமாலிய சமாதான மாநாட்டுக்குப் பெண்ணுரிமைப் போராளி அஷா ஹாஜி எல்மியும் தோழிகளும், நாலு பெருங்குலம், சிறுபான்மை அணி என்ற ஐந்துக்கும் அடுத்து, தங்களை ஆறாவது குலமாக அறிவித்துக்கொண்டு போனார்கள். மனுஷியாகப் போனால் திறக்காத கதவு அது.

பிறகு வந்தது, நாடாளுமன்றத்தில் பெண்களுக்கு 30 சதவீத இடம் என்ற வாக்குறுதி. எல்லாக் குலத்துக்கும் சம்மதம், ஒரே நிபந்தனையோடு: பக்கத்துக் குலம் தன் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். 2016 தேர்தலில் பெண்களின் பங்கு 24 சதவீதம் வரை ஏறியது. அடுத்த தேர்தலில் ஏறத்தாழ 20க்குச் சரிந்தது. பெண்கள் எல்லா அரசு அமைப்பிலும் இடம்பெற வேண்டும் என்று 2012இன் தற்காலிக அரசியல் சாசனம் வாயாரச் சொன்னது. எத்தனை பேர் என்று சொல்லும் இடத்தில் வாயை மூடிக்கொண்டது.

தனிநாடு என்று சொல்லிக்கொள்ளும் சோமாலிலாந்தில் மக்களே நேரடியாக வாக்களிக்கிறார்கள். 2021இல் நாடாளுமன்றக் கீழவைக்கு 82 இடங்கள். 13 பெண்கள் நின்றார்கள். வென்றவர் ஒருவர்கூட இல்லை. வேட்பாளரைக் குலம் பொறுக்கி, குலமே வாக்கையும் திரட்டினால், மரத்தடி வாக்குச்சாவடிக்கு இடம் மாறியது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

பெண்களை மதிக்கிறோம் என்று இனி எந்தப் பெரியவரும் மேடையில் உருக வேண்டாம். 30 சதவீதத்தைச் சட்டத்தில் எழுதுங்கள். எந்தக் குலத்தின் எந்த இடம் பெண்ணுக்கு என்று பெயர் சொல்லி ஒதுக்குங்கள். அதுவரை நீங்கள் கொடுப்பது வாக்குறுதி அல்ல, பட்டை நாமம்.