ஜாக்கெட்டுக்கு எண்ணெய் தேய்ச்ச மகராசன்

பேராண்டி, உன் தைரியத்தை மெச்சணும்டா. ஆட்டுத்தோல் ஜாக்கெட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ச்சு, மொட்டை மாடி வெயில்ல காயப் போட்டிருக்கே பாரு, ஆம்பூர்ல தோல் வாசத்துலயே பொறந்து வளந்த எங்க ஆளுங்க ஒருத்தனுக்கும் இந்த யோசனை தோணல. அடையாறுல 1948-லேர்ந்து தோலுக்குன்னே ஒரு ஆராய்ச்சி நிலையம் நடக்குது. அத்தனை பெரிய படிப்பாளிங்களுக்கும் எட்டாத ரகசியத்தை, உன் போன்ல ஒருத்தன் அரை நிமிஷத்துல சொல்லிட்டான். கொடுத்து வெச்சவன்டா நீ.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ போனா உறைஞ்சிடும். மார்கழியில பெங்களூருல ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு நீ ஆபீஸ் போ. தையல் இடுக்குல வெள்ளை வெள்ளையா நிக்கும். கொஞ்ச நாள் போனா காறல் வாடையும் வரும். லிஃப்ட்ல உனக்கு மட்டும் தாராளமா இடம் கிடைக்கும், அது ஒரு லாபம்.

சரி, கிண்டல் போதும். தோலுக்கு எண்ணெய் எதுக்குன்னு தெரிஞ்சிக்கோ. டேனரியில தோல் பதமானதும், தண்ணியோட கலக்குற மாதிரி பக்குவம் பண்ணின எண்ணெயைச் சேத்து டிரம்முல போட்டு உருட்டுவாங்க. ஃபேட் லிக்கர்னு சொல்லுவாங்க. உள்ள இருக்கிற நார் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிக்கிட்டுப் போறதுக்குத்தான் அந்த எண்ணெய். அதனாலதான் தோல் மடங்குது, வளையுது. வெயிலும் ஏசிக் காத்தும் பட்டுப் பட்டு அது வத்திப்போனா, நார் வறண்டு தோல் விறைக்கும். மடிப்புல வெடிக்கும். போன எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிக் கொடுக்கிறது கண்டிஷனர் வேலை. வெடிச்சதை ஒட்ட வைக்க அதுக்குத் தெரியாது. பாட்டில் மேல என்ன எழுதியிருந்தாலும் சரி.

நீ இன்னா பண்ணே? தேங்காய் எண்ணெய் போதாதுன்னு கடைக்குப் போய் விலை ஒசந்த பாட்டிலா ஒண்ணு வாங்கியாந்து, வீட்ல இருக்கிற எல்லாத்துக்கும் பூசக் கிளம்பிட்டே. முதல்ல தோலைப் பாக்கணும், அப்புறம்தான் பாட்டிலைப் பாக்கணும். காலருக்கு அடியில, யார் கண்ணும் படாத இடத்துல ஒரு சொட்டுத் தண்ணி விடு. சட்டுனு உள்ள போய் அந்த இடம் கருத்தா, மேல பூச்சு இல்லாத தோல். எதை வெச்சாலும் குடிக்கும், பார்த்துக் கொடு. தண்ணி முத்தா நின்னா மேல சாயப்பூச்சு இருக்கு. அதுக்கு லேசான கிரீம் போதும்.

உன் ஜாக்கெட் மெல்லிசான ஆட்டுத்தோல். தண்ணி சேர்ந்த, நிறம் இல்லாத கிரீம்தான் அதுக்குச் சரி. நீ வாங்கியாந்த நீட்ஸ்ஃபுட் ஆயில் இன்னான்னு தெரியுமா? மாட்டுக்கால் எலும்பைக் காய்ச்சி எடுக்கிறது. கனத்த பூட்ஸுக்கும் குதிரைச் சேணத்துக்கும் நல்ல சரக்கு. மாட்டுத் தோலுக்கு மாட்டுக் கால் எண்ணெய், சொந்தக்காரன் கொடுத்த மருந்து. அதை ஜாக்கெட்டுக்குப் போட்டா தோல் தொளதொளத்து, நிறம் மங்கி, வெள்ளைச் சட்டையில உன் வீரத்தை எழுதி வெச்சிடும்.

பெல்ட் வேற ஜாதி. ஆவாரம்பட்டை, கடுக்காய் மாதிரி பட்டை, காய்ச் சாறுல ஊறி வந்த கெட்டித் தோலா இருந்தா, தேன்மெழுகு கலந்த எண்ணெய்ப் பசை தாங்கும். நிறம் ஒரு சுத்து கருக்கும். அதைப் பாத்துப் பதறாதே, பழகினா அதுதான் அழகு.

அப்புறம் அந்தப் புசுபுசு ஸ்வேட் ஷூ. அதுக்கு மேல கறுப்பு பாலிஷ் போட்டு மினுமினுக்க வெச்சிருக்கியே, எந்தக் கடையில கேட்டாலும் அப்படி ஒரு ஷூ கிடைக்காது. ஸ்வேடுக்கு எண்ணெயும் வேணாம், கிரீமும் வேணாம். அதுக்குன்னு இருக்கிற பிரஷ்ஷால தூசியைத் தட்டி, முடியை நிமிர்த்தி விட்டா போதும்.

பூசுற முறையும் கேட்டுக்கோ. முதல்ல தூசியைத் துடை. இல்லேன்னா அழுக்கையும் சேத்துப் பதப்படுத்துவே. சுண்டக்காய் அளவு கிரீமைத் துணியில எடு, தோல் மேல நேரா ஊத்தாதே. மறைவான இடத்துல தடவி ஒரு நாள் விட்டுப் பாரு. நிறம் மாறலேன்னா மீதி இடத்துக்குப் போ. ராத்திரி நிழல்ல விட்டுட்டு, காலையில காஞ்ச துணியால துடைச்சிடு. ஜாக்கெட்டுக்கு வருஷத்துக்கு 2 தடவை தாராளம். சம்பந்தி வீட்டு விருந்தாட்டம் வேணாம் வேணாம்னாலும் ஊட்டாதே. மிஞ்சின எண்ணெய் தூசியைத்தான் பிடிக்கும். பீரோவுல வைக்கிறப்ப பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டாதே, பூஞ்சை பிடிக்கும். பழைய பருத்தி வேட்டியில சுத்தி வை.

கடைசியா ஒண்ணு, காதைக் கிட்டக் கொண்டா. கல்யாண நாளுக்கு உன் பொண்டாட்டிக்கு அசல் தோல்னு ஒரு பை வாங்கிக் கொடுத்தே இல்ல? வாரு வெட்டுன ஓரத்தைப் பாத்தேன். தோலா இருந்தா நாரு நாரா இருக்கும். அதுல கீழ துணி, மேல பிளாஸ்டிக் ஏடு. ரெக்சின்டா பேராண்டி. எந்தக் கண்டிஷனரும் அதுக்குள்ள இறங்காது. காத்து ஈரத்துல ஒரு நாள் செதில் செதிலா உரியத்தான் போகுது.

அதனால ஞாயித்துக்கிழமை தவறாம, அந்தப் பொண்ணு பாக்கிற மாதிரி கூடத்துல உக்காந்து, விலை ஒசந்த பாட்டிலைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, ஈரத்துணியால பையைத் துடை. மூடியை மட்டும் திறந்துடாதே. பை உரியற அன்னைக்கு, நீ பண்ணாத வைத்தியம் இல்லேன்னு அவளே சாட்சி சொல்லுவா.