தஞ்சாவூரைப் பார்க்க கோபன்ஹேகன் போங்கள்

ஐரோப்பா டூர் போகும் நம்மவர்கள் கையில் டென்மார்க் தலைநகருக்கென்று ஒரு பட்டியல் இருக்கும். 1843-இல் திறந்த டிவோலி பூங்கா. 1913-இல் வைத்த கடற்கன்னி சிலை. நம் முச்சந்தித் தலைவர்களில் பாதி உயரம்கூட இல்லை. நான்காம் கிறிஸ்டியன் மன்னன் கட்டிய வட்டக் கோபுரம், ரோசன்போர்க் அரண்மனை. எல்லாவற்றின் முன்னும் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். பட்டியலில் இல்லாத ஒன்று அங்கே இருக்கிறது. அது தஞ்சாவூர்ச் சரக்கு.

தஞ்சை ரகுநாத நாயக்கர், அதே நான்காம் கிறிஸ்டியனுக்கு 1620-இல் அனுப்பிய ஓலை. பனையோலை அல்ல, ஓலை வடிவில் அடித்த தங்கத் தகடு. வாசகம் தமிழில், நாயக்கர் கையெழுத்து தெலுங்கில். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கடை விரித்த கதை அங்கேதான் தொடங்குகிறது. கோபன்ஹேகன் நகரம் 1728-இல் எரிந்தது. 1795-இல் மறுபடி எரிந்தது. 1807-இல் ஆங்கிலேயர் குண்டு போட்டு எரித்தார்கள். ஓலை எரியவில்லை. இன்றும் டென்மார்க்கின் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. நம்மிடம் இருந்திருந்தால்? செய்கூலி, சேதாரம் போக எத்தனை சவரன் தேறும் என்று என்றைக்கோ கணக்குப் பார்த்திருப்போம்.

கோபம் வருகிறதா? வரட்டும். அடுத்ததையும் கேளுங்கள்.

1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய பாதிரியார் சீகன்பால்கு தமிழ் படித்தார், அச்சுக்கூடம் வைத்தார், 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். அதில் ஒரு பிரதி சரபோஜி மன்னரிடம் வந்தது. அவர் கையெழுத்தோடு தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் இருந்தது. 2005-இல் காணாமல் போனது. போலீசில் புகார் கொடுத்தார்கள். கண்டுபிடிக்க முடியவில்லை என்று கோப்பை மூடினார்கள். 2022-இல் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு அதை லண்டனில், இங்கிலாந்து மன்னர் பெயரில் உள்ள சேகரிப்பில் கண்டுபிடித்தது. ஏழு கடல் தாண்டி அல்ல, வெளிநாட்டு மியூசியங்களின் இணையதளங்களைத் தேடிப் பார்த்து! கண்டே பிடிக்க முடியாத பொருளை உலகம் பார்க்கப் படம் போட்டு வைத்திருந்தார்கள். பூட்டு நம்முடையது, சாவி நம்முடையது, காவலுக்குச் சம்பளமும் நம்முடையது. 'வெள்ளைக்காரன் கொள்ளையடித்தான்' என்று மேடையில் முழங்குகிறவர் ஒரு விஷயம் சொல்லட்டும். 2005-இல் இங்கே எந்த வெள்ளைக்காரன் ஆட்சி?

டேனிஷ்காரர்கள் புண்ணியவான்கள் என்று சொல்ல வரவில்லை. வியாபாரம் படுத்ததும், 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். ஊரில் இருந்த சனத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் விற்றுவிட்டுப் போனவனின் பேரப்பிள்ளைகள் நூற்றைம்பது ஆண்டு கழித்துத் திரும்பி வந்து, தரங்கம்பாடியின் டான்ஸ்போர்க் கோட்டையைச் செப்பனிடக் கை கொடுத்தார்கள். அதே கரையில் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்று தீர்த்தது. பாண்டியனுக்குப் பேரப்பிள்ளை யாருமில்லை போலும். மேடைக்கு மேடை வாரிசுகள் மட்டும் குறைவில்லை.

நமக்கு விழா வரும். அதில் குறையே வைக்க மாட்டோம். ஐப்பசி சதயத்தில் ராஜராஜனுக்கு அரசு விழா. சிலைக்கு மாலை, மேளதாளம், பட்டிமன்றம், கவியரங்கம், வரவேற்பு வளைவில் சோழனைவிடப் பெரிய தலைகள். ஆயிரம் ஆண்டுக்கு முன் வேலிக் கணக்கில் நிலம் அளந்து கல்லில் வெட்டி வைத்த மகாராஜா அவர். அவர் பெயரில் மைக் பிடித்து முழங்குகிற அதே ஐப்பசியில், ஊருக்கு வெளியே குறுவை நெல் ரோட்டோரம் குவிந்து கிடக்கும். மேலே வடகிழக்குப் பருவமழை.

கொள்முதல் நிலையத்தில் சாக்கு இல்லை. சாக்கு வந்த அன்று லாரி இல்லை. லாரி வந்தால் கிடங்கில் இடம் இல்லை. தார்ப்பாய் விவசாயி சொந்தச் செலவு. மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டுவது டெல்டாவில் ரகசியமே அல்ல. அதற்கு மட்டும் சாக்கும் லாரியும் தேவைப்படுவதில்லை. பருவமழை ஆண்டுதோறும் வருகிறது. ஆண்டுதோறும் அது எதிர்பாராத மழை.

பழைய ஓலையைக் காப்பாற்ற ஈரப்பதம் பார்ப்பது ஆவணக் காப்பகங்களின் வழக்கம். நாமும் பார்க்கிறோம், நெல்லில். 17 சதவீதத்தைத் தாண்டினால், "காயவச்சு எடுத்துட்டு வாங்க". எங்கே காயவைப்பது? களம் இல்லை. வெயில் இல்லை. இருப்பது ரோடு, அதில் அமைச்சர் கார் வரும், அள்ளு என்பார்கள். தளர்வு கேட்டு மாநிலம் கடிதம் எழுதும். டெல்லியிலிருந்து குழு வரும். குழு நெல்லைக் கையில் அள்ளும், போட்டோ எடுக்கும், பையில் மாதிரி கட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பும். முடிவு வருவதற்குள் நெல் முளைத்திருக்கும்.

நாற்றங்கால் போடத் தோதாக.