விரலுக்கு எத்தனை தசமம்?

தனி ஊசல் சோதனையில் 20 அலைவுகளுக்கு ஸ்டாப்வாட்ச் 36.42 நொடி என்று காட்டியது. அப்படியே ரெக்கார்டு நோட்டில் எழுதினேன். சார் கடைசி 2-ஐ அடித்துவிட்டார். கடிகாரம் பொய் சொல்லுமா?
– ஒரு ப்ளஸ் ஒன் மாணவி

கடிகாரம் சொன்னது நிஜம்தான். அதை அழுத்திய கட்டைவிரல் அவ்வளவு நுட்பமானதா?

கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் சுமார் 0.2 நொடி ஓடிவிடும். ஒரே ஓர் அலைவை அளந்தால் அந்த 0.2-ம் முழுசாக உங்கள் தலையில். 20 அலைவுகளைச் சேர்த்து அளந்தால் அதே பிழை இருபது பங்காகப் பிரிந்து, அலைவுக்கு 0.01 மட்டும். ஆகவே 36.4 போதும், அலைவு நேரம் 1.82 நொடி.

தடகளத்தில் இன்னும் கறார்: நூறு மீட்டரைக் கையால் 10.11 என்று எடுத்தாலும் ஏட்டில் ஏறுவது 10.2. எப்போதும் மேல்நோக்கித்தான்!

ஆனால் கணக்கின் நடுவே வெட்டாதீர்கள். புவியீர்ப்பு முடுக்கம் காண அலைவு நேரத்தை வர்க்கப்படுத்தும்போது சதவீதப் பிழை இரட்டிப்பாகும். முடுக்கம் 9.8173 என்று கால்குலேட்டர் காட்டினால், கடைசி வரியில் தைரியமாக 9.8 என்று எழுதுங்கள். மீதி மூன்று இலக்கங்களை நீங்கள் அளக்கவே இல்லை.