கொட்டாங்கச்சியும் மூன்று மதிப்பீட்டாளர்களும்

பினாங்குத் தைப்பூசத்தில் ரதம் வரும் பாதை நெடுகத் தேங்காய் உடைப்பார்கள். ஒன்றிரண்டு இல்லை, சாலையே வெள்ளையாகிவிடும். அதை ஒதுக்கித் தள்ளவே மண்வாரி வண்டி வரவேண்டும். அந்த ஓடுகளைப் பார்த்துத்தான் எனக்கு ஆய்வுப் புத்தி வந்தது. கொட்டாங்கச்சியைக் கரியாக்கி நீராவியில் பதப்படுத்தினால், இரண்டு நானோமீட்டருக்கும் குறுகலான துளைகள் அதில் எக்கச்சக்கமாக உண்டாகும். பாத்தேக் துணிப் பட்டறைச் சாயத்தண்ணீரை அதில் வடிகட்டலாமே! மானியத்துக்கு எழுதிப்போட்டேன்.

மூன்று மதிப்பீட்டாளர்களின் கருத்தோடு விண்ணப்பம் திரும்பி வந்தது. திருத்தி மறுபடி அனுப்பலாமாம்.

முதலாமவர்: கொட்டாங்கச்சிக் கரியில் ஊர்ப்பட்ட பேர் ஆய்வு செய்துவிட்டார்கள், இதில் புதுமை இல்லை. இரண்டாமவர்: இதுவரை யாரும் தொடாத முயற்சி, தேறுமா என்பது சந்தேகம். மூன்றாமவர்: மூலப்பொருள் போதிய அளவு கிடைக்குமா?

அந்த மூன்றாமவர் தைப்பூசத்தன்று பினாங்குப் பக்கமே தலைகாட்டாதவர். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையில் ஒருநாள் செருப்பில்லாமல் நடக்கவிட்டால் போதும்.

பதில் எழுதுவதுதான் பெரும்பாடு. மாமியார் வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் மாதிரி எழுத வேண்டும். குழம்பில் உப்பில்லை என்று ஒரு நாத்தனாரும் உப்புக் கரிக்கிறது என்று இன்னொரு நாத்தனாரும் சொன்னால், இருவருக்கும் “நல்லவேளை சொன்னீங்க” என்று சிரிக்க வேண்டும். முதலாமவருக்கு எழுதினேன்: “தங்களின் ஆழ்ந்த கருத்துக்கு நன்றி. புதுமையைத் தெளிவுபடுத்தியுள்ளோம்.” இரண்டாமவருக்கு: “தங்களின் ஆழ்ந்த கருத்துக்கு நன்றி. இது புதிதல்ல என்பதைத் தெளிவுபடுத்தியுள்ளோம்.” இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தன. அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகங்களில் இந்த மாதிரி பதிலுக்கு ஒரே ஒரு பக்கம்தான் தருவார்களாம். கோபத்தை அடக்க அதுவே அதிகம்.

அந்தக் கழகங்களின் விண்ணப்பங்களில் 25-ஐ எடுத்து 43 மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. அவற்றில் 16 முதல் தடவையே பணம் வாங்கியவை. 9 விழுந்து எழுந்து, திருத்தியபின் வாங்கியவை. ஒரே விண்ணப்பத்துக்கு ஆளுக்கொரு மதிப்பெண். எது தேறியது, எது விழுந்தது என்று மதிப்பெண்ணை வைத்துப் பிரிக்கவே முடியவில்லை. இதைப் படித்த இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

நியூசிலாந்துக்காரர்கள் இன்னும் நேர்மை. அங்குள்ள சுகாதார ஆய்வு மன்றம் 2013-இல் ஒருவகை மானியத்துக்கு, தகுதியானவற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் குலுக்கல் போடத் தொடங்கியது.

இதைப் பாகான் டாலாமிலுள்ள எங்கள் வீட்டில் பசியாறும்போது அம்மாவிடம் சொன்னது என் தப்பு.

“அப்ப இதுவும் நாலு நம்பர்தானா? ஏம்மா, இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“குலுக்கல் அந்த ஊர்லம்மா. இங்க இல்ல.”

“எந்த ஊரா இருந்தா என்ன. உன் பாரத்துல நம்பர் போட்டிருக்கா?”

போட்டிருந்தது. அவசரத்தில் எண்ணைச் சொல்லிவிட்டு பெர்ரி பிடிக்க ஓடினேன். அக்கரை சேரும்வரை மனசெல்லாம் மூன்றாமவரிடம்தான். அவருக்கு மட்டும் பதிலோடு தைப்பூசப் படம் ஒன்றையும் இணைப்பதாக முடிவு செய்தேன்.

திருத்தி அனுப்பி மாதங்கள் ஆகின்றன. இன்னும் பதில் இல்லை. ஆனால் அம்மாவிடம் எண்ணைச் சொன்ன அந்த வார ஞாயிற்றுக்கிழமையே விண்ணப்ப எண்ணின் கடைசி நாலு இலக்கம் நாலு நம்பர் லாட்டரியின் ஆறுதல் பரிசில் விழுந்துவிட்டது. அம்மா கட்டிய ஒரு வெள்ளிக்கு அறுபது வெள்ளி.

நாற்பதை முந்தானையில் முடிந்துகொண்டு இருபதை என்னிடம் நீட்டினார்.

“இந்தா, உன் ஆராய்ச்சிக்கு. கரிதானே வேணும்? கடையில மூட்டை மூட்டையா விக்கிறான். அத விட்டுட்டு எதுக்கு இம்புட்டு எழுதுற?”

நான்காவது மதிப்பீட்டாளரின் ஆழ்ந்த கருத்துக்கு நன்றி தெரிவித்து, பணத்தை வாங்கிக்கொண்டேன்.