மச்சாவதாரத்துக்குக் குளம் தேவை

மதுரை எல்லீஸ் நகர்ப் பக்கம் நின்று, "கிருதுமால் ஆறு எங்கண்ணே இருக்கு?" என்று டீக்கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். "ஆறா? இந்தச் சாக்கடையவா கேக்குறீங்க?" என்பார். அவர் மேல் தப்பில்லை. கறுப்பாக, நுரை கட்டி, எச்சில் இலையும் ஒற்றைச் செருப்பும் மிதக்க ஊர்ந்துகொண்டிருப்பதை வேறு என்னவென்று சொல்வார்?

பாகவதக் கதைப்படி, சத்தியவிரதன் என்ற ராஜா கிருதமாலையில் நீரள்ளித் தர்ப்பணம் செய்தபோதுதான் உள்ளங்கையில் குட்டி மீனாக வந்தார் திருமால். அந்தக் கிருதமாலைதான் இந்தக் கிருதுமால் என்பது மதுரைக்காரன் பெருமை. இன்றைக்கு ராஜா இங்கே கை நனைத்தால் மீன் வராது, சொறி வரும்.

மீன் எப்படியோ பிழைத்து வந்துவிட்டது என்றே வையுங்கள். கதைப்படி அது வளர வளரப் பானைக்கு மாற்ற வேண்டும், அப்புறம் குளத்துக்கு. பானைக்குப் பிரச்சினை இல்லை. லாரித் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடம் வீட்டுக்கு நாலு இருக்கிறது. குளத்துக்கு? தல்லாகுளம், பீபிகுளம், சொக்கிகுளம் என்று பஸ் போர்டில் தளும்புகிறதே! தல்லாகுளம் கண்மாயைத் தேடிப் போனால் மாநகராட்சி தலைமை அலுவலகம் நிற்கிறது. பீபிகுளத்தில் மாடி வீடுகள். உலகனேரிக் கண்மாயிலோ 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை. கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்றக் கோரி வழக்குப் போட வேண்டுமானால், கண்மாய்க்குள் நடந்துதான் போயாக வேண்டும்.

ஏழை கரையோரம் குடிசை போட்டால் அது ஆக்கிரமிப்பு. அரசாங்கம் கண்மாய்க்குள்ளேயே கட்டடம் எழுப்பினால் அது வளர்ச்சி. ஏரிகளைக் காக்க 2007-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் பத்திரமாகத்தான் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்த கலெக்டர் பிளாக்பர்னாவது நமக்கு வெளி வீதிகளை விட்டுப் போனார். நாம் தூர்த்ததற்கு மிச்சம், ஊர்ப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'குளம்' மட்டும்.

தண்ணீருக்குப் பட்டா மாறுதல் தெரியாது. 2024 அக்டோபரில் சில மணி நேரம் வெளுத்து வாங்கிய மழையில் செல்லூரில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. அதிகாரிகள் ஜீப்பில் வந்து பார்வையிட்டார்கள். 'எதிர்பாராத மழை' என்ற வசனம் இவர்களுக்கு மனப்பாடம். ஐப்பசியில் மழை பெய்வது எந்த ஊரில் எதிர்பாராதது?

கிருதுமாலுக்குப் புதுப்பெயர் வேண்டாம், கரைக்கு வண்ண விளக்கும் வேண்டாம். அதில் வந்து விழும் கழிவுநீர்க் குழாய்களை அடைத்துவிடுங்கள். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் இந்தச் சாக்கடைதான், ஊரைத் தாண்டி நரிக்குடிப் பக்கம் போனால் பாசன ஆறு. அங்கே இதை நம்பி இன்னமும் நெல் விதைக்கிறார்கள்.